நடைச் சுவரில் மூன்று கட்டைகள்

“டார்ச்சை ஆட்டாதடி. சுவரைப் பாக்கச் சொன்னா என் மூஞ்சியைப் பாக்குற.”

மகள் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். வெளிச்சம் நேராக விழக் கூடாது. சுவரின் மேல் படுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் மேடும் பள்ளமும் நிழலாகக் காட்டிக் கொடுக்கும். நேர் வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் யோக்கியமாகத்தான் தெரியும் என்பாள் அம்மா.

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடை அது. ஓர் ஆள் தாராளமாகப் போகலாம். இரண்டு பேர் என்றால் இடித்துக்கொண்டுதான். போகும்போது வலதுபக்கம் வரும் சுவரில், இடுப்புக்கு மேலே, ஒரு கட்டில் நீளத்துக்கு ஒட்டுப்பூச்சு. அடிப்பூச்சை அம்மா முன்பே போட்டுக் காயவிட்டிருந்தாள், சுற்றியுள்ள சுவரைவிட ஒரு நூல் உள்ளே தள்ளி. இப்போது மேல்பூச்சு. அகலத் தகட்டில் பட்டிக் கலவையை வழித்து, சுவரோடு சாய்த்து, ஒரே மூச்சில் இழுத்தாள். ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சைத் தாண்டி ஒரு சாண் வெளியே போய், ஓரத்தில் ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். ஒட்டு எங்கே முடிகிறது என்று தகட்டுக்கே தெரியக் கூடாது.

இடையில் கையை நிறுத்திக் கன்னத்தைச் சுவரில் வைத்தாள். உள்ளங்கை காய்ப்பேறிப் போனதால் அதற்கு ஈரம் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும்.

“இந்த மூலை இன்னும் சில்லுன்னு இருக்கு. டீ குடிச்சிட்டு வரலாம்.”

“ஈரம் அளக்கிற மீட்டர் கொண்டு வந்திருக்கேன்மா. வெச்சா நம்பரே சொல்லிடும்.”

“அது டீ குடிக்குமா?”

மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கட்டடங்களில் மின்வயர் எந்த வழியாக ஓட வேண்டும் என்று வரைபடம் போடுவது அவள் தொழில். அவள் கோடு போட்ட இடத்தில் ஆட்கள் சுவரை நீளப் பள்ளமாக வெட்டிக் காடி எடுப்பார்கள். அம்மாவின் தொழில், வெட்டிய சுவரை வெட்டாத சுவராக்குவது. “நீ கிழி, நான் தைக்கிறேன். ரெண்டு பேர் பொழப்பும் ஓடும்” என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று பூசிய ஒட்டுக்குள் மூன்று மரக்கட்டைகள் இருந்தன. அப்பா பிடித்து நடக்க ஒரு கைப்பிடி பொருத்துவதற்காக, மகள் விடுப்பில் வந்து சேர்வதற்கு முன்பே, அம்மா சுவருக்குள் குடைந்து பதித்து மூடியவை. கைப்பிடியின் திருகாணிகள் அந்தக் கட்டைகளில்தான் இறங்க வேண்டும். மற்ற இடமெல்லாம் கூடுள்ள செங்கல். ஆணி பிடிக்காது.

“கட்டை எங்கெங்க இருக்குன்னு குறிச்சு வெச்சியாம்மா?”

“வெச்சிருக்கேன்.”

“எங்க?”

அம்மா முழங்கையை மடக்கிக் காட்டினாள். “உயரம் இது. கதவு நிலையில தோளை முட்டுக்கொடுத்துக் கையை நீட்டினா மொதக் கட்டை. அங்கேருந்து ஒரு கை, ரெண்டாவது. இன்னொரு கை, மூணாவது.”

“மறந்துட்டா?”

“ஒரு தடவை மறந்தது பத்தாதா? இனிமே மறப்பேனா?”

மகள் டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள், “ஓட்டை போடத்தானே போறோம். அதுக்கு எதுக்கு இவ்வளவு இழைப்பு?”

“ஓட்டை போடுற வரைக்கும் அது சுவர்தானே.”

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

ஒரு தடவை மறந்தது என்று அம்மா சொன்னது இதை. அப்பா பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை மட்டும் பழைய கை. குளியலறைக்குப் போகும்போது சுவர் வலதுபக்கம் வரும், பிடித்துக்கொண்டு போய்விடுவார். திரும்பும்போதுதான் சிக்கல். சுவர் இடதுபக்கம் வந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் பாதி சமையலறை வாசல், மீதி ஜன்னல். பிடிக்க இடமில்லை. அதனால் அப்பா திரும்பவே மாட்டார். போன முகமாகவே நின்று, வலது கையைச் சுவரில் வைத்தபடி, பின்னாலேயே நடந்து வருவார்.

“ரிவர்ஸ் எடுக்கிறேன். பின்னாடி யாராவது நிக்கிறீங்களா?”

“ஹாரன் அடிங்க டிரைவரே” என்பாள் அம்மா சமையலறையிலிருந்து.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்த வாரமே அம்மா ஒரு இரும்புக் குழாயை வாங்கி வந்து கைப்பிடியாகப் பொருத்தினாள். தட்டிப் பார்த்தாள், துளை போட்டாள், திருகினாள். தன் எடை முழுவதையும் தொங்கவிட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அப்பா தன் எடையைக் கொடுக்க வேண்டிய நாள் மழைக்காலத்தில் வந்தது. ஈரக் காலோடு ரிவர்ஸ் எடுத்தார். கால் வழுக்கியது. குழாயைப் பிடித்தார். குழாயோடு சுவரில் ஒரு பெரிய பாளமும் பெயர்ந்து அவர் மேலே விழுந்தது. புருவத்தில் தையல், இடுப்பில் வீக்கம்.

அப்பாவைப் படுக்க வைத்த பிறகுதான் அம்மா பாளத்தைப் புரட்டிப் பார்த்தாளாம். பூச்சுக்குள் சாக்கு நார். ஆழமான காடியை மூடும்போது விரிசல் விடாமலிருக்க நார் கலப்பது அவள் வழக்கம். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. இந்த வீட்டுக்குக் குடி வந்த புதிதில், துருப்பிடித்த பழைய தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பள்ளத்தை அவளேதான் அடைத்திருந்தாள். சுவருக்கு உள்ளே செங்கல்லே இல்லாத இடம் அது, வெறும் பூச்சு. அடைத்ததை மறந்துவிட்டாள். டார்ச் அடித்தும், தட்டியும், தன் ஒட்டை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள்.

“என் பூச்சுதாங்க உங்களைக் கீழ தள்ளிச்சு” என்றாளாம்.

“வண்டி ஸ்கிட் ஆச்சு மேஸ்திரி. ரோட்டு மேல பழி போடாதே” என்றாராம் அப்பா. அவர் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். ஊரில் அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

வேலையிடத்தில் அவளுக்கு ‘ஒட்டக்கா’ என்று பேர். சித்தாளாக மணல் சுமக்கப் போனவள். கரணையைத் தொட்டால் கொத்தனார்கள் கேலி செய்வார்கள். பெரிய சுவர்களை அவர்கள் பூசிவிட்டுப் போவார்கள். பிறகு எலெக்ட்ரீஷியன் வருவான், பிளம்பர் வருவான், ஆளுக்கு ஒரு பக்கம் வெட்டுவான். அந்தச் சில்லறை வேலைக்குத் திரும்பி வர எந்தக் கொத்தனாருக்கும் மனம் வராது. “ஒட்டுப் போடத்தானே, இந்தா நீ போடு” என்று யாரோ ஒருவர் தேய்ந்த கரணையை அவளிடம் விட்டெறிந்தார். அந்தக் கரணையை அவள் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. பல வருடம் கழித்து அவர் தன் சொந்த வீட்டு ஒட்டுக்கு அவளைக் கூப்பிட்டபோது, அதே கரணையோடு போய் நின்றாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாதது நல்லதாகப் போயிற்று என்றாள்.

நல்ல குணம் என்று சொல்ல முடியாது. வேலை நடக்கும் அறைக்குள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் கத்துவாள். கூட வேலை செய்த பெண்கள் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் சுவரைப் பார்ப்பாள். மகள் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய அரங்கத்தில், மகள் மேடையேறிய நேரத்தில், அம்மா பக்கத்துத் தூணில் இருந்த விரிசலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து அப்பா பேச்சு மூச்சில்லாமல் கிடந்த வார்டில்கூட, கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தடவி, “எவனோ காயறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சிருக்கான், பாவி” என்றாள். நர்ஸ் முறைத்தாள். அப்பா கண் விழித்தது அப்போதுதான். மூன்று நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, “விடு.”

வேலை முடிந்ததும் வீட்டுக்காரரிடம், “எங்க ஒட்டினேன், தொட்டுக் காட்டுங்க பாப்போம்” என்பாள். பெரும்பாலும் தப்பாகத்தான் காட்டுவார்கள். அவள் வாய்விட்டுச் சிரிக்கும் நேரம் அது. யாராவது சரியாகத் தொட்டுவிட்டால் சிரிக்க மாட்டாள். மறுநாள் வந்து உரித்துப் போட்டு மறுபடி பூசுவாள்.

நடைச் சுவரைப் பூசி மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு, பெயிண்டையும் அம்மாவே அடித்தாள். ஒட்டுக்கு மட்டும் அடித்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்று மூலைக்கு மூலை முழுச் சுவரும். போனில் சொன்னாள், “வந்து தொட்டுக் காட்டு.” மகள், “அடுத்த மாசம்” என்றாள்.

அடுத்த மாதம் வருவதற்கு முன்பே வர வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் வீட்டில், பகல் வேளையில், பூச்சுக் காயட்டும் என்று மாடிப்படியில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவளுடைய பையையும் கரணைகளையும் கழுவித் துடைத்துக் கொண்டு வந்து கொடுத்தார். அழுக்காகவே கொடுத்திருக்கலாம் என்று மகளுக்குத் தோன்றியது.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வீட்டில் இரண்டு பேர், நடுவில் ஒரு நடை.

அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது இப்போது எதுவும் சொல்வதில்லை. சுவரில் வலது உள்ளங்கையைப் பரப்பி வைத்து, அழுத்தி, பின்னால் ஒரு காலை வைப்பார். நிற்பார். மறுபடி. மகள் சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். பெயிண்ட் அடித்த வழவழப்பான சுவரில் பிடிக்க எதுவுமில்லை. ஒரு காலை வேளையில் கை சர்ரென்று கீழே இழுத்துக்கொண்டு வந்தது. மகள் பின்னாலிருந்து தாங்கிவிட்டாள். தாங்கியவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அவள் இங்கேயே இருக்க முடியாது. கூட வாங்க என்றால் அவர் வர மாட்டார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். கைப்பிடி வைத்தே ஆக வேண்டும்.

மகள் தன் கருவிகளை வரவழைத்தாள். சுவருக்குள் இருப்பதைக் காட்டும் ஸ்கேனர், கட்டையில் ஆணி இருந்தால்தான் சத்தம் போடும். அம்மா ஆணியே வைக்கவில்லை. ஆப்பு அடித்து இறுக்கியிருந்தாள். மகள் தட்டிப் பார்த்தாள். பூச்சின் கனம் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக்கியிருந்தது. டார்ச் அடித்தாள். சுவர் யோக்கியமாக இருந்தது. நிலையில் தோளை வைத்துக் கையை நீட்டினாள். மகள் அம்மாவைவிட ஒரு தலை உயரம், கையும் நீளம். அந்த அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வழி இருந்தது. மெல்லிய துளைப்பானால் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போவது. கட்டை கிடைக்கும்வரை.

மறுநாள் காலை டிரில்லை எடுத்துக்கொண்டு வந்தபோது அப்பா நடையின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திருங்கப்பா.”

“வண்டி பிரேக் டவுன்.”

“விளையாடாதீங்க. தூசி பறக்கும்.”

“எத்தனை ஓட்டை போடுவே?”

“கட்டை கிடைக்கிற வரைக்கும்.”

“அதான் எத்தனை?”

“தெரியாதுப்பா. இருபது ஆகலாம். நாப்பதும் ஆகலாம்.”

“அவ சுவத்துல நாப்பது ஓட்டை.”

“ஓட்டையை அடைச்சிடலாம்.”

“யாரு அடைப்பா?”

மகள் டிரில்லைத் தரையில் வைத்தாள். அப்பா சுவரைத் தட்டினார், பேருந்தின் பக்கவாட்டைத் தட்டுவதுபோல.

“ஊர் பூராவும் அவ பூசி வெச்சிருக்கா. எந்த வீடு, எந்தச் சுவர், யாருக்கும் தெரியாது. அவ செஞ்சதுன்னு கை வெச்சுச் சொல்ல எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு பாப்பா. காலையில கை வெக்கிறேன். ராத்திரி கை வெக்கிறேன். இதையும் சல்லடை ஆக்கிட்டா நான் எதைப் பிடிச்சு நடக்கிறது?”

“இதைப் பிடிக்க முடியலையேப்பா. வழுக்குது. நீங்க விழுந்தா தூக்குறதுக்கு அம்மா இல்லை.”

“விழுந்தா விழுறேன்.”

“நான்?”

அப்பா அப்போதைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டிரில் தரையிலேயே கிடந்தது. குளியலறைக்கு அவர் அதைத் தாண்டியே போனார். அதைத் தாண்டிப் பின்னால் வர முடியாமல் நின்றபோது மகள் வந்து எடுத்து ஓரமாக வைத்தாள்.

சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. அதை அணைக்க யாருக்கும் மனம் வராமல் சார்ஜில் போட்டு வைத்திருந்தார்கள். மகள் எடுத்தாள்.

“அக்கா, மரக் கடைசல் பட்டறையிலேருந்து பேசுறேன். என்னக்கா ஆளையே காணோம்? கட்டை காஞ்சு ரெடியா நிக்குது. மெஷின்ல ஏத்தட்டுமா வேணாமா?”

மகள் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர் யாரையோ அதை நிறுத்தச் சொன்னார்.

“மன்னிச்சிடும்மா. எனக்குத் தெரியாது. போன மாசம் வந்து கட்டையைத் தட்டித் தட்டிப் பாத்துப் பொறுக்கி வெச்சுட்டுப் போனாங்க… கட்டை இருக்கட்டும்மா. பரவாயில்லை.”

“என்ன கட்டை அண்ணே?”

“கைப்பிடி கடையறதுக்கும்மா. அப்பாவுக்கு. நீளம் சொல்லிட்டாங்க. கனம்தான் சொல்லலை. அளந்துட்டு வரேன்னாங்க.”

“எதை அளந்துட்டு?”

“பஸ் ஸ்டியரிங். டிப்போவுக்குப் போய் நூல் சுத்தி எடுத்துட்டு வரேன்னாங்க. ‘இரும்புக் குழாயை அவர் கை பிடிக்கவே இல்லை, சும்மா தொட்டுக்கிட்டுத்தான் போச்சு. அந்தக் கைக்குப் பிடிக்கத் தெரிஞ்சது ஸ்டியரிங் ஒண்ணுதான். அந்தக் கனத்துல கடைஞ்சு குடு’ன்னாங்க. நான்கூட, ஹாரனும் வெச்சுடவான்னு கேட்டேன். திட்டிட்டுப் போனாங்க.”

போன் ஸ்பீக்கரில் இல்லை. ஆனாலும் பட்டறைக்காரர் மெஷினுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர். அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் போனை வைத்தபோது அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மடியில் பாதி மூடியபடி இருந்தது.

அதை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், “உயரம் எவ்வளவுன்னு அவ சொன்னா?”

“அம்மா தன் முழங்கை உயரம்னு சொன்னா.”

அப்பா எழுந்தார். நடைக்குப் போய், சுவரில் முதுகை வைத்து நேராக நின்றார். நேராக நிற்க அவருக்குச் சிரமமாக இருந்தது. வலது கையால் விலாவுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டார்.

“இங்க இடிப்பா. அடுப்படியில ஒண்ணா நின்னா இங்கதான் இடிப்பா. ‘தள்ளி நில்லுங்க’ம்பா. முப்பது வருஷம் இடிச்சிருக்கா, எனக்குத் தெரியாதா?”

மகள் அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். பென்சில் தடுக்கவே இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், இந்தத் தடவை சமையலறை வாசலில்.

முதல் துளை. வெள்ளைத் தூள், பூச்சு. பிறகு சிவப்பு, செங்கல். பிறகு துளைப்பான் வெறுமைக்குள் சட்டென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றையும் அப்பா விரலால் எண்ணினார். கண்ணை அவர் மூடவில்லை. தரையில் வெள்ளையும் சிவப்புமாகக் குவிந்தது. மகளின் முடியில், இமையில், உதட்டில் அம்மாவின் பூச்சு. பூச்சு நாக்கில் உப்புக் கரித்தது, அல்லது அது வேறு எதுவோ. ஏழாவது துளையில் வெள்ளைக்குப் பிறகு சிவப்பு வரவில்லை. மஞ்சளாக, சுருள் சுருளாக, மரம் வந்தது. மரவாசனை நடை முழுக்கப் பரவியது.

“கிடைச்சிருச்சா?”

“ம்.”

“கெட்டியா இருக்கா?”

மகள் அழுத்திப் பார்த்தாள். “அசையல.”

“அசையாது” என்றார் அப்பா.

மற்ற இரண்டும் அதே கோட்டில் கிடைத்தன. எல்லாம் சேர்த்து வீணான துளைகள் பதினொன்று. மகள் பட்டி குழைத்து அவற்றை அடைத்தாள். பக்கத்தில் நின்றாலே தெரிந்தது. டார்ச்சே வேண்டாம். அப்பா பார்த்துவிட்டு, “அம்மா பாத்தா உரிச்சுப் போட்டிருப்பா” என்றார்.

“தெரியும்.”

“விடு. கைப்பிடி வந்தா மறைஞ்சிடும்.”

“மறையாதுப்பா.”

“சரி, மறையாது.”

சாப்பிட்ட பிறகு மகள் அம்மாவின் வேலைப் பையைத் திறந்தாள். கரணைகளுக்கு அடியில், ஒரு கண்டு நூல், பிரிக்கப்படாமல். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நாளை காலை டிப்போவுக்குப் போக வேண்டும். அப்பா படுக்கையிலிருந்து குரல் கொடுத்தார்.

“புது வண்டியில அளக்காதே. அதெல்லாம் மெத்தை மாதிரி தடிமனா இருக்கும். ஷெட்டுக்குப் பின்னாடி ஓரங்கட்டின பழைய வண்டி நிக்கும். கேளு, ஏற விடுவாங்க.”

“கேக்கிறேன்பா.”

“நான் ஓட்டினது இருக்கான்னு பாரு.”

“எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான்” என்றார். “எதுவா இருந்தாலும் சரி. நூலை இறுக்கிச் சுத்தாதே. முடிச்சு போட்டு, பட்டறைக்காரன் கையில குடு. அவ டிப்போவுக்குப் போறேன் போறேன்னுதான் சொல்லிட்டிருந்தா, எதுக்குன்னு சொல்லலை. ஒரு வீட்டு வேலை முடியட்டும்னா.”